கையெழுத்து மாறியதற்குக் காரணம்

என் அக்கா வீட்டுக்காரரை எனக்கு இருபத்தாறு வருஷமாகத் தெரியும் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். அதில் முக்கால்வாசி பொய். மனிதர் நெடுந்தூர லாரி ஓட்டுநர். மாதத்தில் நான்கு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். அந்த நான்கிலும் இரண்டு நாள் தூங்கியே கழித்துவிடுவார். அக்கா ஒருமுறை உட்கார்ந்து கணக்குப் போட்டாள். கல்யாணமான நாளிலிருந்து இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்த நாட்களைக் கூட்டினால் மூன்றரை வருஷம்கூடத் தேறவில்லை. அப்படிப் பார்த்தால் நான் இன்னும் புதுப்பெண்தான் என்று சொல்லி அவளே சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. எனக்குக் கோபம் சட்டென்று வரும். இதைச் சொல்லி முடிப்பதற்குள் இன்னும் இரண்டு மூன்று தடவை வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாமா நல்ல மனிதர். அதைச் சொல்லாவிட்டால் வாய் அழுகிவிடும். குடி கிடையாது, கத்தல் கிடையாது. அவர் சேர்ந்தாற்போல நான்கு வார்த்தை பேசினால் நாங்கள் வெளியே போய் மழை வருகிறதா என்று பார்ப்போம். ரோட்டிலேயே வாழ்ந்த உடம்பு என்பதால் வீட்டில் இருப்பது எப்படி என்று அவருக்குத் தெரியாது. கட்டிலின் ஓரத்தில் ஒருக்களித்துத்தான் படுப்பார். அவ்வளவு அகலம் அவருக்குப் பழக்கமில்லை. வெளியே கிளம்பும் முன் வீட்டை ஒருமுறை சுற்றி வந்து, ஜன்னல், கொடிக்கயிறு, தண்ணீர்த் தொட்டி மூடி எல்லாவற்றையும் இழுத்துப் பார்ப்பார். சரக்குக் கட்டிய கயிறு தளர்ந்திருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து வந்த பழக்கம். என் ஸ்கூட்டரில் பின்னால் உட்காரும்போதும் முதலில் டயரைக் காலால் தட்டிவிட்டுத்தான் ஏறுவார்.

போன வருஷம் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. பத்து நாள் ஓட்டத்தில் நான்காவது நாள், கீழே இறங்க முடியாமல் கிளீனரும் பெட்ரோல் பங்க் ஆளும் சேர்ந்து தூக்கி இறக்கியிருக்கிறார்கள். அந்தப் போன் வந்த அன்று அக்கா முடிவு செய்துவிட்டாள். போதும் ஓடியது. பெண்ணும் படித்து முடித்து வேறு ஊரில் வேலைக்குப் போய்விட்டாள். இனி யாருக்காக அந்த வீட்டில் தனியாகக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்று என்னிடம் கேட்டாள். இங்கே வந்துவிடு என்றேன்.

நான் வேலை பார்க்கும் மருந்துக்கடை ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் வாசலில் இருக்கிறது. அங்கே நர்ஸுகளை ஏற்றி இறக்கும் பஸ்ஸுக்கு ஓட்டுநர் தேவைப்பட்டது. காலை ஐந்தரைக்குப் போனால் மாலை ஆறு மணிக்கெல்லாம் வீடு. நான் போய் அங்கிருந்த மேலாளரை நச்சரித்தேன். அவர் ஒப்புக்கொண்டார், ஒரே ஒரு நிபந்தனையோடு. ஓட்டுநர் உரிமம் இந்தப் பகுதி அலுவலகத்துக்கு மாற்றப்பட்டு, இந்த ஊர் விலாசத்தோடு ஒன்றாம் தேதிக்குள் அவர் மேஜைக்கு வரவேண்டும். வராவிட்டால் அடுத்த ஆள் தயாராக இருக்கிறார். அந்தப் பக்கம் பழைய லாரி முதலாளியும் அதே ஒன்றாம் தேதி வரைதான் பொறுத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். உரிமம் வந்தால் மாமா வீட்டு மனிதர். வராவிட்டால் பிடித்த இடுப்போடு மறுபடியும் ரோட்டு மனிதர். நடுவில் வேறு வழி இல்லை.

அக்கா அசரவில்லை. என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, மாடியில் இரண்டு அறையும் ஒரு சமையல் மேடையும் உள்ள வீட்டைப் பிடித்துக் குடிவந்தார்கள். மறுநாளே அவள் ஃபைலைக் கையில் எடுத்துக்கொண்டாள். வாடகை ஒப்பந்தத்தை வைத்து வங்கிப் புத்தகத்தில் விலாசம் மாற்றினாள். வங்கிப் புத்தகத்தை வைத்து அடையாள அட்டை, அதை வைத்து குடும்ப அட்டை, கேஸ் இணைப்பு, காப்பீடு. எந்த அலுவலகத்தில் எந்த ஜன்னலில் எத்தனை பிரதி கேட்பார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. மாமா கைகட்டிக்கொண்டு அவள் பின்னால் போவார். கைரேகை கேட்டால் விரலை வைப்பார், மற்றபடி வாயைத் திறக்கமாட்டார். பதினைந்தே நாளில் அவர் பேரில் இருந்த காகிதமெல்லாம் ஊர் மாறிவிட்டன. உரிமம் மட்டும்தான் பாக்கி. பதினெட்டாம் தேதிக்கு நேரம் கிடைத்தது. எனக்குத் தெரிந்த இடம் என்பதால் கடையில் அரை நாள் சொல்லிவிட்டு நானும் போனேன்.

போக்குவரத்து அலுவலகத்தின் கூடம் நீளமானது. வரிசையாகத் தரையில் திருகி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள், மேலே சிவப்பு எண் ஓடும் பலகை. எங்கள் எண்ணுக்கு நான்காவது கவுண்டர். அங்கே மணிக்கட்டில் பட்டை கட்டிய எழுத்தர் ஒருவர் இருந்தார். காகிதங்களை எல்லாம் புரட்டிவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். இப்படி ஒழுங்காக அடுக்கிக்கொண்டு வருபவர்களைப் பார்ப்பதே அபூர்வம் என்று பாராட்டவும் செய்தார். அக்கா முகத்தில் பெருமை தாங்கவில்லை. பிறகு அவர் ஒரு கறுப்புப் பலகையை மாமாவின் பக்கம் நகர்த்தினார். தொலைபேசிக் கம்பி போலச் சுருண்ட கயிற்றில் ஒரு பிளாஸ்டிக் பேனா. இதில் கையெழுத்துப் போடுங்கள் என்றார்.

அக்காவின் பெருமை அப்படியே வடிந்ததை நான் பார்த்தேன்.

மாமா போட்டார். திரையில் சிவப்பாக ஏதோ வந்தது. பழைய கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை, பதற்றமில்லாமல் இன்னொரு முறை போடுங்கள் என்றார் எழுத்தர். மறுபடியும் சிவப்பு. மூன்றாவது முறையும் அதே. எழுத்தர் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். இடப்பக்கம் பழைய உரிமத்தில் இருந்த கையெழுத்து: வளைந்து சுழித்து எழும் ஒரு பெரிய முதலெழுத்து, அதைத் தொடர்ந்து கோத்தாற்போல சின்ன எழுத்துகள், அடியில் நேர்கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. வலப்பக்கம் மாமா இப்போது போட்டது. தரையில் விழுந்த நூல்துண்டு போல இருந்தது.

நான் இருபது வருஷமாக டாக்டர்களின் கையெழுத்தைப் படித்துச் சோறு தின்பவள். ஒரே கை அவசரத்தில் எப்படி எழுதும், நிதானத்தில் எப்படி எழுதும் என்று எனக்குத் தெரியும். அந்த இரண்டும் ஒரே கை இல்லை. இடப்பக்கம் இருந்த கையை எனக்கு நன்றாகவே தெரியும். எனக்கு வந்த பிறந்தநாள் வாழ்த்துகளிலும், இரவல் வாங்கிய புத்தகங்களின் முதல் பக்கத்திலும் பார்த்த கை அது. அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கூரையில் ஓடும் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

இருபத்தாறாம் தேதி ஒரு வாய்ப்பு இருக்கிறது, அன்றும் ஒத்துப்போகாவிட்டால் விஷயம் அதிகாரியின் விசாரணைக்குப் போய்விடும், அது முடிய இரண்டு மாதமாவது ஆகும் என்று எழுத்தர் சொல்லி அனுப்பினார்.

வெளியே டீக்கடையில் வைத்து அக்காவைப் பிடித்துக்கொண்டேன். அவள் ஒளிக்கவில்லை. கல்யாணமான இரண்டாவது மாதம் வங்கியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். மாமா இரண்டு நாள் தொலைவில் எங்கோ சரக்கு இறக்கிக்கொண்டிருந்தார். போனில் கேட்டபோது, நீயே போட்டுவிடு, யார் பார்க்கப்போகிறார்கள் என்றிருக்கிறார். அவருடைய கையெழுத்து எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது; அதுவரை பார்த்ததில்லை. புருஷனின் கையெழுத்து இப்படி இருந்தால் நன்றாக இருக்கும் என்று அந்த வயதில் என்ன தோன்றியதோ அதைப் போட்டிருக்கிறாள். சுழி, கோடு, புள்ளி எல்லாம் அவள் ஆசைப்பட்டு வைத்தது. அதற்குப் பிறகு அதுவே நின்றுவிட்டது. பள்ளிக்கூடம், வங்கி, காப்பீடு, எல்லாவற்றிலும் மாமா என்றால் அக்காதான். உரிமம் புதுப்பிக்க வரும் தரகரும் வீட்டுக்கே வந்து படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவாராம். படம் எடுக்க மட்டும் மாமா போய் நின்றிருக்கிறார். உரிமத்தின் பின்பக்கத்தை அவர் திருப்பிக்கூடப் பார்த்ததில்லை.

எனக்கு வந்த கோபத்தில் டீ ஆறிப்போனது. அக்காவின் மேல் அரைப்பங்கு, மாமாவின் மேல் ஒன்றரைப்பங்கு. அவர் டம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் வாயைத் திறந்து, அந்தக் கையெழுத்து நன்றாகத்தான் இருக்கிறது என்றார். அதோடு சரி.

வேறு வழி தெரியவில்லை. இருபத்தாறாம் தேதிக்குள் மாமா தன் சொந்தக் கையெழுத்தைப் பொண்டாட்டியிடம் படித்துக்கொள்ள வேண்டும் என்று முடிவானது. அன்றையிலிருந்து தினமும் மாலை அந்த மாடிவீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வகுப்பு நடந்தது. நான் கடை முடிந்து நேராக அங்கே போய்விடுவேன். அதைவிட நல்ல வேடிக்கை ஊரில் எங்கும் நடக்கவில்லை. ஐம்பத்திரண்டு வயது மனிதர், பதினான்கு சக்கர வண்டியை ஊசிமுனை வளைவில் பின்னால் எடுக்கத் தெரிந்தவர், ஒரு சுழியைச் சுழிக்க முடியாமல் திணறினார். பேனாவை கியர் கம்பியைப் போலப் பிடித்ததில் காகிதம் கிழிந்தது.

"ஏங்க, அழுத்தாதீங்க. அது பேனா, பிரேக் இல்ல" என்றாள் அக்கா.

முதல் இரண்டு நாள் சுழி கவிழ்ந்துபோனது. மூன்றாம் நாள் சுழி நிமிர்ந்தது, ஆனால் கோடு மலை ஏறியது. அக்கா அவர் கையைப் பிடித்து ஓட்டிக் காட்டினாள். அப்படிக் கையைப் பிடித்தபடி இரண்டு பேரும் குனிந்திருந்ததைப் பார்த்ததும் நான் எழுந்து சமையலறைக்குப் போய்ப் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி மூன்றரை வருஷம்தானே ஆகியிருக்கிறது. ஐந்தாம் நாள் அவர் ஒன்றைப் போட்டார். அப்படியே அச்சு அசல். ஒரு நிமிஷத்துக்கு மேல் பிடித்தது என்றாலும் போட்டுவிட்டார். அக்கா அந்தக் காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, தேறிவிட்டீர்கள் என்றாள்.

அன்றைக்கென்று பார்த்துப் பெண் போன் செய்தாள். எனக்கு வாய் சும்மா இருக்காதே, நடப்பதையெல்லாம் அளந்துவிட்டேன். ஒலிபெருக்கியில் போட்டிருந்தோம். அவள் முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

"சித்தி, நான் ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் எங்கப்பா கையெழுத்தைக் காட்டிப் பெருமையடிப்பேன். லாரி ஓட்டினாலும் எவ்வளவு அழகா போடறாரு பாருங்கன்னு. என் கையெழுத்தைக்கூட அதைப் பாத்துத்தான் பழகினேன். கீழ ரெண்டு புள்ளி வெப்பேன்."

அக்கா சட்டென்று எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. போன் வைத்த பிறகு, பள்ளியில் மதிப்பெண் அட்டை வருஷத்துக்கு எத்தனை முறை வரும் என்று மாமா கேட்டார். மூன்று என்றாள் அக்கா. அவர் மனதுக்குள் பெருக்கிப் பார்த்தது உதட்டசைவில் தெரிந்தது.

"ஒண்ணுகூட நான் பாக்கல" என்றார்.

அதற்குப் பிறகு அன்றைக்கு அவர் பேனாவைத் தொடவில்லை. அடுத்த மூன்று நாளும் தொடவில்லை. கை ஓய்வெடுக்கட்டும், நல்லதுதான் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

இருபத்தாறாம் தேதி அதே கூடம், அதே நான்காவது கவுண்டர். எழுத்தர் எங்களை அடையாளம் கண்டு தலையசைத்தார். கறுப்புப் பலகை வந்தது. மாமா பேனாவை எடுத்தார். மெதுவாக, அக்கா சொல்லிக்கொடுத்த மாதிரியே, அழுத்தாமல் சுழியைத் தொடங்கினார். அழகாக எழும்பி வந்தது. பாதிச் சுழியில் அவர் நிறுத்திவிட்டார். பேனாவை மெல்லக் கீழே வைத்தார்.

"சார், இது என் கையெழுத்து இல்ல."

ஐந்து நாள் மாய்ந்து மாய்ந்து பழகிவிட்டுக் கடைசி நிமிஷத்தில் அரிச்சந்திரனாகும் மனிதரை என்ன செய்வது? அவர் முதுகில் கிள்ளலாமா என்றுகூட யோசித்தேன். எழுத்தர் காகிதங்களை எடுத்துக்கொண்டு எங்களை உள்ளே அதிகாரியின் அறைக்கு அழைத்துப் போனார்.

அதிகாரி ஒரு பெண்மணி, நாற்பதைத் தாண்டியவர். கண்ணாடியைக் கழுத்தில் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார். எழுத்தர் சொன்னதைக் கேட்டுவிட்டு உரிமத்தில் இருந்த படத்தையும் மாமாவின் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். வேறு யாருடைய உரிமத்தையாவது வைத்து வண்டி ஓட்டுகிறீர்களா என்று நேரடியாகவே கேட்டார். தப்பு என்னுடையது, நான்தான் போட்டேன், அவருக்கு ஒன்றும் தெரியாது என்று அக்கா ஒரே மூச்சில் கொட்டினாள். மாமா கையை நீட்டி அவளை நிறுத்தினார். பிறகு பேசினார். அவர் அவ்வளவு பேசி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்கவில்லை.

"படத்துல இருக்கறது நான்தாங்க. கையெழுத்து இவ போட்டது. நான்தான் போடச் சொன்னேன். வீட்ல என் பேருல நடந்தது எல்லாத்தையும் இவதான் பாத்துக்கிட்டா. இன்னைக்கும் அதையே பாத்து எழுதிட்டுப் போயிருக்கலாம், எனக்கு வரும். ஆனா இனிமே ஊரோட இருக்கணும்னுதாங்க இந்தக் காகிதத்தையே மாத்த வந்தோம். அதுலயும் இவளே எனக்காகப் போடற மாதிரி வேண்டாம்னு தோணிச்சு."

அதிகாரி மேஜைமேல் இருந்த கைரேகைக் கருவியை மாமாவின் பக்கம் நகர்த்தினார். மாமா கட்டைவிரலை வைத்தார். அடையாள அட்டையோடு பொருந்தியது. பச்சை விளக்கு எரிந்தது. ஆள் இவர்தான் என்று உறுதியான பிறகு அவர் அக்காவின் பக்கம் திரும்பி நன்றாகத் திட்டினார். இது விளையாட்டு இல்லை, வேறு இடமாக இருந்தால் வழக்குவரை போயிருக்கும், படித்தவராகத் தெரிகிறீர்கள், இனிமேல் பிள்ளையின் விடுமுறைக் கடிதத்தில்கூட அடுத்தவர் கையெழுத்தைப் போடாதீர்கள் என்றார். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். திட்டி முடித்ததும் அதிகாரி அலமாரியிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். பதிவில் உள்ள கையெழுத்தை மாற்றிக்கொள்வதற்கான விண்ணப்பம். கைரேகை பொருந்தினால் இதை வைத்தே முடித்துவிடலாம், முதல் நாளே கேட்டிருந்தால் கிடைத்திருக்கும் என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக நான்காவது கவுண்டர் எழுத்தரை நான் பார்த்த பார்வையில் அவர் ஃபைலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

அக்கா பழக்கதோஷத்தில் படிவத்தை வாங்கக் கையை நீட்டினாள். அதிகாரி அதை மாமாவின் பக்கம் தள்ளினார்.

"அவரே எழுதட்டும்மா."

பெயர், விலாசம், உரிம எண். மாமா ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். புது வீட்டுக் கதவு எண்ணுக்கு மட்டும் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அவள் விரலில் காட்டினாள். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. கையெழுத்து மாறியதற்குக் காரணம் என்று அச்சடித்து, கீழே இரண்டு வரி வெற்றிடம் விட்டிருந்தார்கள். அவர் எங்கள் யாரையும் கேட்கவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தார். பிறகு குனிந்து எழுதினார். எழுதிவிட்டு அடியில் தன் நூல்துண்டைப் போட்டுப் படிவத்தை நீட்டினார்.

அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். இதைக் காரணம் என்று மேலே அனுப்பினால் ஏற்கமாட்டார்களே என்றார். ஆனாலும் அதை அடிக்கவில்லை. அதன் கீழே சின்ன எழுத்தில் 'வயது காரணமாக மாற்றம்' என்று தானே எழுதிக் கையொப்பமிட்டு முத்திரை குத்தினார். ஒப்புகைச் சீட்டைக் காட்டினால் ஆஸ்பத்திரியில் ஏற்பார்கள், அட்டை பத்து நாளில் தபாலில் வரும் என்று சொல்லி, ஒரு பிரதி எடுத்துவரச் சொல்லிப் படிவத்தை அக்காவின் கையில் கொடுத்தார்.

பிரதி எடுக்கும் இயந்திரம் வராந்தாவில் இருந்தது. நாங்கள் சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது அக்கா அதன் பக்கத்தில் சுவரோரமாக நின்றிருந்தாள். படிவத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல், கண்ணும் மூக்கும் ஒழுக அழுதுகொண்டிருந்தாள். இடுப்பு பிடித்த போன் வந்தபோது அழாதவள். தனியாகப் பிரசவ வார்டுக்கு நடந்து போனவள். நான் அவள் கையிலிருந்த காகிதத்தை விலக்கிப் பார்த்தேன். கோணல் எழுத்தில் இரண்டு வரி:

'இத்தனை வருடம் நான் வீட்டில் இல்லை. இனி இருப்பேன்.'

மாமா திருதிருவென்று முழித்தார். ஏதோ தப்பாக எழுதிவிட்டோமோ என்ற பயம் அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

"வேலைதான் முடிஞ்சுடுச்சே, எதுக்கு அழுறே?"

"முடிஞ்சுதுன்னுதாங்க" என்றாள் அக்கா. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பிரதி எடுக்கச் சில்லறை இருக்கிறதா என்று அவரிடமே கேட்டாள்.